விற்கலாகாத நிலம்

வக்ஃபு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனதில் தோன்றுவன பள்ளிவாசல், மதரஸா, மையவாடி இம்மூன்றே. ஜனங்கள் உலாவும் தோட்டத்தையும், பிள்ளைகள் பந்தாடும் திடலையும், ஊருக்குப் பின்னால் நிற்கும் காட்டையும் அந்தச் சொல்லோடு சேர்த்து எண்ணுவோர் மிகக் குறைவு. "அது மாநகர் மன்றத்தார் பாடு, நமக்கென்ன?" என்பதே பெரும்பாலோர் அபிப்பிராயம். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் சமீப காலத்தில் நடந்த வழக்குகளையும் முறையீடுகளையும் கவனித்தால், பொது நிலத்தைக் காக்கும் சங்கத்தார் இன்று எதற்காகப் பாடுபடுகிறார்களோ, அந்த விஷயம் நம் ஹதீஸ் கிதாபுகளில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே பேசப்பட்டிருப்பது விளங்கும். அதை எடுத்துச் சொல்வதே இப்பாடத்தின் நோக்கம்.

கைபர் நிலத்தின் வரலாற்றிலிருந்து தொடங்குவோம். ஹிஜ்ரி 7ஆம் ஆண்டு கைபர் வெற்றிக்குப் பின் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு அங்கே ஒரு நிலம் கிடைத்தது. அதைக் காட்டிலும் மேலான சொத்து தமக்கு வாய்த்ததில்லை என்று கண்ட அவர்கள், அதை என்ன செய்வது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே யோசனை கேட்டார்கள். நிலத்தின் மூலத்தை நிறுத்தி வைத்துவிட்டு அதன் பலனைத் தர்மமாக்கலாம் என்று பெருமானார் வழி சொன்னார்கள். அவ்வாறே நிபந்தனை ஏற்பட்டது. அந்நிலம் விற்கப்படலாகாது, இனாமாகக் கொடுக்கப்படலாகாது, வாரிசுகளுக்குப் பங்காகவும் போகலாகாது. விளைச்சல் ஏழைகளுக்கும், உறவினருக்கும், அடிமைகளை விடுவிப்பதற்கும், வழிப்போக்கருக்கும், விருந்தினருக்கும் உரியது. பார்த்துக் கொள்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்ணலாம். தமக்கென்று சேர்த்து வைக்கலாகாது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த வரலாறு இருக்கிறது. வக்ஃபு என்ற அரபுச் சொல்லுக்கே நிறுத்துதல் என்றுதான் பொருள்.

இவ்வளவும் மதரஸாவில் ஓதியவர் அனைவரும் அறிந்ததே. ஆனால் அபூதாவூதில் வரும் அடுத்த பகுதியை நாம் அதிகமாகக் கவனிப்பதில்லை. உமர் (ரலி) அவர்கள் அந்த ஏற்பாட்டை வாய்ச்சொல்லோடு விட்டுவிடவில்லை. அதைப் பத்திரமாக எழுதச் செய்தார்கள். முஅய்கீப் என்பவர் எழுதினார். அப்துல்லாஹ் இப்னுல் அர்கம் சாட்சியாக இருந்தார். தமக்குப் பின் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்குப் பின் குடும்பத்தில் நல்ல யோசனையுள்ளவர் பார்க்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. எத்தகையவர் சொன்ன சொல் அது! அவர்கள் வாக்கை மீறத் துணிந்தவர் யார்? அப்படியிருந்தும் எழுத்து வேண்டும், சாட்சி வேண்டும், பொறுப்பாளர் பெயர் வேண்டும் என்று கருதினார்கள். பேரேட்டில் ஏறாத பாக்கி வசூலாகாது என்பதை வியாபாரிகளாகிய நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்துக்கும் அதுவே சட்டம்.

இனி வெளியுலகத்தைப் பார்ப்போம். 1895இல் இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்ட் என்ற தர்ம ஸ்தாபனம் தோன்றியது. அதை ஏற்படுத்திய மூவரில் ஆக்டேவியா ஹில் என்ற மாது லண்டன் ஏழைகளின் வீட்டு வசதிக்காக உழைத்தவர். ராபர்ட் ஹண்டர் வக்கீல். ஹார்ட்விக் ரான்ஸ்லி பாதிரியார். அந்த ஸ்தாபனத்துக்கு முதன்முதல் கிடைத்தது வேல்ஸ் நாட்டில் ஒரு மலைச்சரிவு, நாலரை ஏக்கர்தான். ஃபேனி டால்போட் என்ற அம்மையார் கொடுத்தார். 1907இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்து, எந்த நிலத்தை இந்த ஸ்தாபனம் பராதீனம் செய்யலாகாதது என்று அறிவிக்கிறதோ அதைப் பின்னர் அதன் நிர்வாகிகளே விரும்பினாலும் விற்க முடியாது என்று ஆக்கியது. கைபர் நிபந்தனையின் முதல் வரியை இது அப்படியே நினைவூட்டவில்லையா? அவர்கள் நம் கிதாபைப் பார்த்து எழுதினார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்லிப் பெருமை கொள்வது நம்மவரில் சிலருக்கு வழக்கம். ஆதாரமில்லாத பெருமை நமக்கு வேண்டாம். நிலத்தைத் தலைமுறைகளுக்குக் காப்பாற்ற நினைத்தவர் எவராயினும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

வேறொரு மாதிரியும் உண்டு. நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர் தோட்டம். 1970களில் நகரசபையிடம் பணமில்லாமல் போய்த் தோட்டம் சீரழிந்தது. 1980இல் ஊரார் சேர்ந்து ஒரு தர்ம ஸ்தாபனம் அமைத்தனர். நிலம் இன்றும் நகரத்தாருடையது; பராமரிப்பும் பணம் திரட்டுவதும் அந்த ஸ்தாபனத்தின் வேலை. முதவல்லி சொத்துக்காரர் அல்லர், காவலரே என்று நம் பிக்ஹில் சொல்லப்படுவது இதைத்தான் ஒத்திருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போகக்கூடிய ஏரித் தோட்டத்தை 1888இல் தொடங்கியவர் சிலாங்கூர் அரசாங்கப் பொக்கிஷ அதிகாரியாக இருந்த ஆல்பிரட் வென்னிங். 2011 முதல் அதற்குப் பெர்டானா தாவரத் தோட்டம் என்று பெயர். அங்கிருந்து வெகு தூரமில்லாத புக்கிட் நானாஸ் குன்று 1906இல் கெஜட்டில் ஏறிய காடு. அப்போது 17 ஹெக்டேருக்கு மேல் இருந்தது; இன்று சுமார் 9 ஹெக்டேர். கோலாலம்பூர் கோபுரம் நிற்பதும் அந்தக் குன்றில்தான். கெஜட்டில் ஏறியதும் குறையக்கூடும் என்பதற்கு இது சாட்சி. அப்படியானால் கெஜட்டில் ஏறாதது?

சுங்கை பூலோ காட்டு ஒதுக்கீடு 1898இல் ஏற்பட்டபோது ஆயிரக்கணக்கான ஹெக்டேர். துண்டு துண்டாகப் பிரிந்து போய், கோத்தா டாமன்சாரா வீடுகளின் பின்னே எஞ்சியது சுமார் 320 ஹெக்டேர். அந்தப் பகுதிக் குடியிருப்பாளர் சிலர் சங்கமாகக் கூடி, காட்டுப் பாதைகளைச் சீர்செய்து, பள்ளிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துச் சென்று காட்டி, அதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2010இல் அது மீண்டும் காட்டு ஒதுக்கீடாகக் கெஜட் ஆயிற்று. இவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாதவர்கள். இவர்களுக்கெல்லாம் முன்னோடி 1940இல் ஏற்பட்ட மலாயா இயற்கைக் கழகம். இப்போது மலேசிய இயற்கைக் கழகம். கோல சிலாங்கூர் ஆற்று முகத்தில் உள்ள அலையாத்திக் காட்டை 1987 முதல் இயற்கைப் பூங்காவாகப் பேணிவருவதில் இக்கழகத்தின் பங்கு பெரிது.

அடுத்து கோல லங்காட் வடக்கு. கிள்ளான்காரர்களாகிய நமக்கு இது அண்டை ஊர்ச் சங்கதி. சதுப்புக் கரிமண் காடு அது. தெமுவான் என்ற ஒராங் அஸ்லி மக்கள் தலைமுறை தலைமுறையாக அதை அண்டி வாழ்கிறவர்கள். 2020 பிப்ரவரியில் அந்தக் காட்டில் சுமார் 930 ஹெக்டேரை, அதாவது ஏறக்குறைய முழுவதையும், ஒதுக்கீட்டிலிருந்து நீக்குவதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. சிலாங்கூரில் காட்டை நீக்கும் முன் பொதுமக்களைக் கேட்டாக வேண்டும் என்று சட்டம் உண்டு. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. இருந்தும் 2021 ஆகஸ்டு முடிவில், காட்டின் பாதிக்கு மேல் நீக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளிவந்தது. மறுபடி கூக்குரல். அடுத்த மாதமே மந்திரி புசார் அந்த நீக்கத்தை ரத்துச் செய்வதாக அறிவித்தார்.

கரிமண் காட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. மட்கிய இலையும் வேரும் பல்லாயிரம் ஆண்டு தண்ணீரிலேயே கிடந்து உண்டான மண் அது. பஞ்சைப்போல் நீரைப் பிடித்து வைக்கும். கால்வாய் வெட்டி வடித்துவிட்டாலோ காய்ந்து, தீப்பிடித்தால் பூமிக்கடியிலேயே பல நாள் கனன்று புகையும். 2005 ஆகஸ்டில் கோலக்கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தப் புகையில் பெரும்பகுதி சுமத்திராவிலிருந்து வந்தது என்பது உண்மையே; அங்கே எரிந்ததிலும் இந்த வகை மண் நிறைய. 2021 டிசம்பரில் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் ஏறிய வெள்ளத்தையும் எண்ணிப் பாருங்கள். அவ்வளவு மழைக்குக் காடு மட்டும் ஈடு கொடுத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் தண்ணீர் இறங்க மண்ணே இல்லாமல் எங்கும் சிமெண்டு போட்ட ஊரில் அது வேறெங்கே போகும்? கடைக்குள்தான் வரும்.

ஆட்சேபக் கடிதம் எழுதுவது நம்மவருக்குப் பழக்கமில்லை. அறிவிப்பு மலாய்ப் பத்திரிகையில் ஒரு மூலையில் வரும், அல்லது நிலத்தின் ஓரத்தில் ஒரு பலகை நிற்கும். நாம் அதைத் தாண்டி வியாபாரத்துக்குப் போய்விடுகிறோம். கெடு முடிந்தபின் தேநீர்க் கடையில் உட்கார்ந்து வருந்துகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகள் மலாய் நன்றாக எழுதக் கூடியவர்கள். இன்ன அறிவிப்பு, இன்ன நிலம், இன்ன காரணத்தால் ஆட்சேபிக்கிறேன் என்று ஒரு பக்கம் எழுதி, பெயரும் முகவரியும் போட்டுக் கெடுவுக்குள் சேர்த்து, சேர்த்ததற்குச் சீட்டு வாங்கி வைத்தால் போதும். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

பத்திரம் இருந்தும் காவலர் சரியில்லாவிட்டால் என்னாகும் என்பதற்கு நம் சமூகத்து வரலாறே இருக்கிறது. பினாங்கில் 1801இல் காதிர் முகைதீன் என்ற கப்பித்தான் கிளிங், கிழக்கிந்தியக் கம்பெனியாரிடமிருந்து 18 ஏக்கர் நிலம் பெற்றுப் பள்ளிவாசல் எழுப்பினார். நம் தமிழ் முஸ்லிம் முன்னோரின் பெருமைக்குரிய தர்மம். ஆனால் நூறாண்டுக்குள் இத்தகைய தர்மச் சொத்துகளின் நிர்வாகம் பழுதடைந்து, 1905இல் அரசாங்கம் முஸ்லிம், இந்து தர்மச் சொத்துகளுக்கென ஒரு சட்டமே செய்து, ஒரு வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மாற்றலாகாது என்று கிதாபு சொல்கிறது. அதைக் கண்காணிக்கும் கண் இல்லாவிட்டால் கிதாபு அலமாரியில்தான் இருக்கும். இன்று சிலாங்கூரில் வக்ஃபுச் சொத்துக்கு ஒரே பொறுப்பாளர் சிலாங்கூர் இஸ்லாமிய சமய மன்றம். கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமய மன்றம். ஆகவே நம்மில் ஒருவர் ஒரு துண்டு நிலத்தை மரம் வைக்கவோ, பிள்ளைகள் விளையாடவோ வக்ஃபு செய்ய நாடினால், நாலு சிநேகிதரைக் கூட்டி வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவது செல்லாது. மன்றத்தில் பதிவு செய்து, எதற்கென்று தெளிவாக எழுத வேண்டும். "பொது நன்மைக்கு" என்று பொதுப்படையாக எழுதினால் பின்னால் வாகனம் நிறுத்துமிடமும் பொது நன்மைதான் என்று சொல்லிவிடுவார்கள். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ தின்றால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று ஹதீஸ் இருக்க, மரத்துக்கென்றே நிலம் விடுவதில் தடையொன்றும் இல்லை.

அரசாங்கம் தன் நிலத்தைப் பொதுவுக்கு ஒதுக்குவது சரியான அர்த்தத்தில் வக்ஃபு ஆகாது, ஏனெனில் வக்ஃபு செய்ய அவர் அதன் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று ஆலிம்கள் சொல்வர். அது சரியே. பைத்துல்மால் நிலத்தை ஆட்சியாளர் ஒரு நன்மைக்கென ஒதுக்குவதற்கு இர்ஸாது என்று வேறு பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வேறானாலும், ஊருக்கென்று ஒதுக்கியதை ஒருவருக்கென்று மாற்றுவது சிறிய விஷயமல்ல.

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய ரிம்பா கியாரா தோட்டத்து வழக்கு இதற்குப் பெரிய உதாரணம். நகரத் திட்டத்தில் பொதுத் திறந்தவெளி என்று காட்டப்பட்ட இடம் அது. அதில் 12 ஏக்கரில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட 2017 ஜூலையில் டத்தோ பண்டார் அனுமதி கொடுத்தார். கட்ட வந்தது ஒரு வீடமைப்பு நிறுவனமும், அதனுடன் கூட்டுச் சேர்ந்த ஓர் அறநிதி ஸ்தாபனமும். சுற்றிலும் உள்ள குடியிருப்பாளர் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் தோற்றனர். அத்துடன் விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்துச் செய்தது. 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நகரத் திட்டம் என்பது எழுதி வைத்து மறந்துவிடும் காகிதமல்ல, அதிலிருந்து விலகினால் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அனுமதி கொடுத்தவர் அந்த அறநிதி ஸ்தாபனத்திலும் பதவி வகித்ததை மேல்முறையீட்டு நீதிமன்றம் குறையாக எடுத்துக் காட்டியது. தராசு பிடிப்பவனே சரக்கும் வாங்கலாமா?

இந்த வழக்கில் பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒரு பக்கம் உண்டு. புக்கிட் கியாரா முன்பு ரப்பர் தோட்டம். அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டபின், பால்மரம் சீவிய தொழிலாளர் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் தற்காலிகம் என்று சொல்லி நீள வீடுகளில் குடியேற்றப்பட்டன. சுமார் நூறு குடும்பங்கள். பெரும்பாலும் நம் மொழி பேசும் மக்கள். தற்காலிகம் நாற்பது ஆண்டாகியது. நிரந்தர வீடு தருகிறோம் என்ற வாக்கு தலைமுறை மாறியும் நிறைவேறவில்லை. 2017ஆம் ஆண்டுத் திட்டத்தில் அவர்களுக்கும் ஒரு கட்டடம் சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே தோட்டத்தைக் காப்பதென்றால் இவர்கள் வீட்டைக் கெடுப்பது என்று சிலர் பேசினார்கள். ஏழையின் பெயரைச் சொல்லிப் பெரிய கோபுரங்களை உள்ளே கொண்டுவருவது பழைய தந்திரம்தான். ஆனாலும் ஏழையின் தேவை பொய்யல்ல.

இதை யோசிக்கும்போது நமக்கு ஹிமாவின் வரலாறு நினைவுக்கு வருகிறது. அறியாமைக் காலத்தில் அரபு நாட்டுப் பெரிய மனிதன் ஒரு மேட்டில் ஏறித் தன் நாயைக் குரைக்க வைப்பானாம். குரைப்புச் சத்தம் எட்டிய தூரம்வரை மேய்ச்சல் நிலம் அவனுக்கே என்று ஆகிவிடும். அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமன்றி ஹிமா இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அதை ஒழித்தார்கள். பொதுக் காரியத்துக்காக நகீஃ என்ற இடத்தைக் காத்து வைத்தார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் தர்ம ஒட்டகங்களுக்காக ரபதாவில் ஒரு ஹிமா அமைத்து, ஹுனை என்ற பணியாளை அதற்குக் காவலாக வைத்தார்கள். அவருக்கு இட்ட கட்டளை புகாரியில் இருக்கிறது. கொஞ்சம் ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்ஃபான் போன்ற செல்வர்களின் மந்தையை விடாதே. அவர்கள் மந்தை அழிந்தால் பேரீச்சந்தோப்பும் வயலும் அவர்களுக்கு இருக்கின்றன. ஏழையின் ஆடு அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான் என்பது அதன் கருத்து. அநீதிக்கு ஆளானவனின் துஆவுக்கு அஞ்சு என்றும் எச்சரித்தார்கள். விலக்கப்பட்ட இருவரும் சொர்க்கத்துக்கு நற்செய்தி பெற்ற ஸஹாபிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, வசதியுள்ளவர்கள் என்பதாலேயே வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

ரிம்பா கியாராவுக்காக வழக்காடிய குடியிருப்பாளரிலும் வசதியுள்ளவர் பலர், அது உண்மைதான். ஆனால் அவர்கள் கோபுரத்தையும் நீள வீட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. நீள வீட்டார் இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு நிரந்தர வீடு கட்டித் தரட்டும், மீதித் தோட்டம் தோட்டமாகவே இருக்கட்டும் என்றே கேட்டார்கள். 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு கோபுரங்களை நிறுத்தியது. வீடு கட்டித் தருவது நீதிமன்றத்தின் வேலையல்ல. அந்த வாக்கு கொடுத்தவர்கள் பேரேட்டில் பாக்கியாகவே நின்றது.